ஒரே கேள்விக்கு ஒரே பதில்

1

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்த அன்றைக்கு, இந்த நாடு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்ட கேள்வி இது: "எத்தனாவது வரை படித்திருக்கிறீர்கள்?"

மாலை மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பதினோரு வருஷம் வரி கட்டியிருக்கிறேன். குப்பையை நான்கு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை, சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிடுவார் என்று பயம். இவ்வளவுக்கும் பிறகு முதல் கேள்வி அதுதானா?

ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகம் என்று ஒன்று உண்டு. தங்கும் அனுமதியை அங்கேதான் புதுப்பிக்க வேண்டும். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டு மணிக்கே போய் வாசலில் நின்றேன். கையில் ஒரு கோப்பு. அதில் மூன்று பேருடைய பாஸ்போர்ட், ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ், ஜெராக்ஸ் தொலைந்தால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு ஜெராக்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், லேமினேஷன் செய்த என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்.

கூட என் மகள் யாழினி வந்திருந்தாள். வயது பன்னிரண்டு. ஒரு வயதுக் குழந்தையாகத் திண்டுக்கல்லில் இருந்து தூக்கிவந்தோம். எங்கள் ஆபீசில் ஆங்கிலம்தான் புழங்குகிறது என்பதால் என் ஜெர்மன் ரொட்டிக்கடையைத் தாண்டவில்லை. அவளுக்கோ கனவே ஜெர்மனில்தான் வருகிறதாம். அதனால் அரசு அலுவலகம் என்றால் அவள்தான் எனக்கு வாய்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் படிவத்தில் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கே புரிந்தது. கோப்பில் இருந்து பட்டியலை உருவிக்கொண்டிருந்தேன். அதற்குள் யாழினி ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டாள்.

"இல்லை."

அம்மாள் கட்டத்தில் ஒரு சிறிய கோடு இழுத்தார். அவ்வளவுதான். என் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு கோடு.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன்.

"ஏம்மா, இல்லைன்னு ஏன் சொன்ன?"

"அப்பா, நீங்க டென்த் பாஸா?"

"ஒரு பாடத்துலதான் போச்சு. சமூக அறிவியல். முப்பத்தொண்ணு."

"பாஸ் மார்க் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"அப்போ பாஸ் இல்ல. இல்லன்னா இல்லதானேப்பா. இங்க ரெண்டே ரெண்டுதான். நடுவுல ஒண்ணும் கெடையாது."

"ஒம்பதாவது பாஸுடி நான்."

"ஒம்பதாவதுக்கு இங்க யாரும் பேப்பர் கேக்க மாட்டாங்க. டென்ஷன் ஆகாதீங்கப்பா. அந்தப் பிளாஸ்டிக் மார்க்ஷீட்ட உள்ள வைங்க, எல்லாரும் பாக்குறாங்க."

வைத்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. மறுதேர்வு எழுதியிருந்தால் தேறியிருப்பேன். தேர்வு அறைக்குள் போகவே பயந்து, வடமதுரை பஸ் நிறுத்தத்தோடு திரும்பிவந்தவன் நான். அந்தப் பயத்துக்கு வேண்டுமானால் கோடு போடுங்கள். படித்த படிப்புக்கு எப்படிப் போடலாம்?

2

இனி இந்தக் கதையில் எது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பட்டம் இல்லாதவன் இங்கே வேலை பார்க்க வேண்டுமென்றால், அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் "இவர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது" என்று நிறுவனம் ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் அனுமதி. இல்லையென்றால் நான், என் மனைவி, யாழினி மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். யாழினியை எந்த ஊருக்குக் கூட்டிப்போவது? அவளுக்கு ஊர் இதுதானே. கடிதம் எழுதவேண்டியவர் எங்கள் மேலாளர் யோஹன். அறுபதை நெருங்கும் மனிதர். இந்த நாட்டில் ஆபீசில் எல்லோரும் எல்லோரையும் ஒருமையில் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதுக்காரரை நீ, வா, போ என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. என் ரொட்டிக்கடை ஜெர்மனில்கூட நான் பன்மையிலேயே நலம் விசாரிக்க, அவர் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று முதல் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

சரி, பத்தாவது தேறாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கம்பைலர் வேலை செய்கிறேன். நிரல் எழுதுபவர் எழுதியதை இயந்திரம் செய்யக்கூடிய சின்னச் சின்னக் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்தான் கம்பைலர். எங்களுடையது ஒரு தனி ரகம். ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பொறிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இயந்திரத்துக்காகச் செய்தது. ஒரு பெரிய வேலையை எங்கே வெட்டுவது, எத்தனை துண்டாக வெட்டுவது, யாருக்கு எதைக் கொடுப்பது, வந்த விடைகளை எப்படிச் சேர்ப்பது, எல்லாவற்றையும் கம்பைலரே முடிவு செய்ய வேண்டும். துண்டு பெரிதாகிவிட்டால் பாதிப் பொறிகள் சும்மா நிற்கும். சின்னதாகிவிட்டால் வேலையைவிடப் பங்கு பிரிக்கிற நேரம் அதிகமாகிவிடும்.

எல்லா மொழியில் எழுதியதையும் இப்படி வெட்டிவிட முடியாது. பெரும்பாலான மொழிகளில் ஒரு வரி எழுதிவைத்த எண்ணை அடுத்த வரி அழித்து வேறு எழுதும். அங்கே வரிசை மாறினால் குழப்பம். நாங்கள் எடுத்துக்கொண்டது சார்பு மொழி, ஆங்கிலத்தில் ஃபங்ஷனல் லாங்குவேஜ் என்பார்கள். அதில் ஒரு தடவை பெயர் வைத்த மதிப்பு மாறாது. ஒவ்வொரு துண்டும் தனக்குக் கொடுத்ததை மட்டும் பார்க்கும், ஒரு விடை தரும், வெளியே எதையும் தொடாது. அதே கேள்வி கேட்டால் எப்போதும் அதே பதில். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் வேலையைப் பிரித்துக்கொடுக்க முடிகிறது.

இந்த மொழியைப் பற்றி முதன்முதலில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தபோது படித்தேன். படித்தவர்கள் பல பேர் இது புரியவில்லை என்று இணையத்தில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மத்தியானத்தில் புரிந்துவிட்டது. என்னிடம் மூளை அதிகம் என்று சொல்லவில்லை. நான் அய்யலூர் சந்தையில் நின்றவன்.

3

அய்யலூர் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். விடியும் முன்பே வண்டி வண்டியாக ஆடுகள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசி கைமாறிவிடும். அவ்வளவு ஆடு, அவ்வளவு ஆள், அவ்வளவு குறைந்த நேரம். எப்படி முடிகிறது?

துண்டுதான் காரணம்.

என் அக்கா வீட்டுக்காரர் பெரியசாமி, எனக்கு மச்சான், அங்கே தரகர். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவரோடுதான் தரகுக்குப் போனேன். வாங்குபவரும் தரகரும் கை கொடுப்பார்கள். அந்த இரண்டு கைகள் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை, பாதி விரல் தொட்டால் அரை. வாய் ஆட்டைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டிருக்கும். விரல் விலை பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

திருட்டுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். விலையைச் சத்தமாகச் சொன்னால் என்ன ஆகும்? அவன் என்ன சொல்கிறான் என்று இவன் காத்திருப்பான், இவனைப் பார்த்து அடுத்தவன். சந்தை மொத்தமும் ஒரே வரிசையில் நிற்கும். துண்டு விழுந்துவிட்டால் வெளியே நடப்பது உள்ளே வராது, உள்ளே நடப்பது வெளியே போகாது. படிந்த விலை மட்டும் வெளியே வரும். நூறு துண்டுக்குள் நூறு வியாபாரம், ஒன்றையொன்று தொடாமல், ஒரே நேரத்தில்.

சார்பு மொழி என்றால் அவ்வளவுதான். எனக்குப் புரிந்ததில் ஆச்சரியம் என்ன?

அதன்பின் ஒன்பது வருஷம் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தே, இலவசமாகக் கிடைத்த கம்பைலர்களில் பிழை கண்டுபிடித்து, அவற்றைச் செய்தவர்களுக்கு அனுப்பினேன். பிழை அனுப்புகிறவனிடம் எத்தனாவது படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. என் சுபாவமும் கைகொடுத்தது. கேஸை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறவன் நான். மனிதர்கள் மத்தியில் அதற்குப் பெயர் நோய். கம்பைலர் வேலையில் அதற்குப் பெயர் தகுதி. நான் அனுப்பிய பிழைகளைப் பார்த்துத்தான் யோஹன் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்.

4

போன மாதம் எங்கள் கம்பைலரின் புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது, எந்தப் பக்கத்தில் இருந்து எவ்வளவு கதிர் விட்டால் கட்டியில் எவ்வளவு விழும், பக்கத்தில் இருக்கும் முதுகுத்தண்டில் எவ்வளவு விழும் என்று கணக்குப் போடுகிற மென்பொருள். லட்சக்கணக்கான சின்ன எண்களைக் கூட்டி, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 'சரி' அல்லது 'மீறுகிறது' என்று ஒரு சொல் சொல்லும்.

சோதித்துப் பார்த்துக் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எங்களுக்குச் சோதனைக்காகப் பெயர் நீக்கிய கோப்புகள் தந்திருந்தார்கள். பதினான்காம் கோப்பை ஓட்டினேன். 'சரி' என்று வந்தது. என் வழக்கப்படி, கேஸை மறுபடி பார்ப்பதுபோல, இன்னொரு தடவை ஓட்டினேன்.

'மீறுகிறது.'

பத்துத் தடவை ஓட்டினேன். ஏழு தடவை 'சரி', மூன்று தடவை 'மீறுகிறது'. அதே கோப்பு, அதே இயந்திரம், அதே கம்பைலர்.

காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் குழுவில் லியோனி என்று ஒரு பெண். முனைவர் பட்டம் வாங்கியவள், எங்களில் கெட்டிக்காரி. வேகத்துக்காக அவள் ஒரு மாற்றம் செய்திருந்தாள். துண்டு துண்டாகக் கூட்டிய விடைகளைக் கடைசியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமல்லவா? முன்பு வரிசைப்படி சேர்ப்போம். அவள், எந்தப் பொறி முதலில் முடிக்கிறதோ அதை முதலில் சேர்த்துக்கொள் என்று வைத்துவிட்டாள். காத்திருக்க வேண்டாம், வேகம் கூடும். கூட்டலில் வரிசை மாறினால் என்ன, விடை ஒன்றுதானே?

தாளில் ஒன்றுதான். இயந்திரத்தில் இல்லை. ஓர் எண்ணுக்கு இயந்திரம் கொடுத்திருக்கும் இடம் கொஞ்சம்தான். ஒவ்வொரு கூட்டலிலும் வால்பக்கம் மிஞ்சுகிற சில்லறையைத் தள்ளிவிடும். எதோடு எதை முதலில் கூட்டினாய் என்பதைப் பொறுத்துத் தள்ளுபடி மாறும். பெரும்பாலும் அது ஒரு தூசி. ஆனால் வரம்பின் விளிம்பில் நிற்கிற ஒருவருக்கு அந்தத் தூசிதான் 'சரி'யும் 'மீறுகிற'தும்.

கூட்டத்தில் சொன்னேன். லியோனி திரையைப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் பதினைந்தாவது இலக்கத்தில். ஏற்கத்தக்க அளவுதான்" என்றாள்.

"ஏழு தடவை ஆம், மூன்று தடவை இல்லை. இதுவா ஏற்கத்தக்கது?"

"விளிம்பில் இருக்கும் கோப்பு அது. எந்தப் பதிலும் பொய் இல்லை."

"அப்படியென்றால் எந்தப் பதிலும் உண்மையும் இல்லை."

யோஹன் கையை உயர்த்தினார். "எப்படியும் ஒரு மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார். வெள்ளிக்கிழமை இது வெளியே போகட்டும். அதன்பிறகு உங்கள் கடிதத்தை நிதானமாக எழுதிவிடலாம்."

மிரட்டல் எனக்குப் புதிது இல்லை. சந்தையில் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் இது மிரட்டலே இல்லை பாருங்கள். சிரித்த முகம், தேதி, வேலை வரிசை. முதலில் இது, பிறகு அது. கடிதத்துக்கும் கையெழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொன்னால் அவரே வருத்தப்படுவார். ஒருவன் குடும்பத்தைக் காலண்டரில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, எவ்வளவு மரியாதையாக ஒரு புன்னகை!

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பயப்படத்தான் நேரம் வேண்டியிருந்தது.

5

இதே தப்பை நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாமல்.

பொன்னுத்தாயி என்று ஓர் அம்மா, வடமதுரைப் பக்கத்துக்காரர். கணவர் இல்லை. அப்போது நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு ஆடுகளை ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார். மச்சான் வேறு வியாபாரத்தில் இருந்ததால் நான்தான் பேசினேன். பன்னிரண்டையும் சேர்த்து இவ்வளவுக்கு முடித்துத் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மேற்கே மேகம் கறுத்தது. மழை வந்தால் சந்தை கலைந்துவிடும், ஆடு நின்றுவிடும், என் வாக்கு என்னாவது? பயம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டையும் மும்மூன்றாகப் பிரித்து, வந்தவர் வந்த வரிசையில் நான்கு பேருக்கு முடித்தேன். ஆடு ஒவ்வொன்றுக்கும் விலை நான் சொன்ன விலைதான், குறைக்கவில்லை. ஆனால் எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விலை படிந்ததும், "சில்லறையத் தள்ளுப்பா" என்று வாங்குகிறவர் கேட்பார், தள்ளிவிட வேண்டும். ஒரே வியாபாரமாக முடித்திருந்தால் ஒரு தடவை தள்ளியிருப்பேன். நான்கு தடவை தள்ளினேன். கடைசியில் ஒரு மூட்டைத் தவிட்டுக்கு ஆகிற காசு குறைந்தது.

பொன்னுத்தாயி எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏலே, காலையில என்ன சொன்ன?"

"அது மொத்தமாப் பேசுனது. இது பிரிச்சுப் பேசுனதுக்கா."

"ஆடு மாறிருச்சா?"

"இல்லக்கா."

"வெல மாறிருச்சா?"

"இல்ல."

"வாய் மாறிருச்சா? அதே வாய்தானலே? அதே ஆட்டுக்கு விடிய ஒரு கணக்கு, பொழுது ஏற ஒரு கணக்கா? நீ சாமர்த்தியமாக் களவாண்டிருந்தாக்கூட பரவால்ல, வெவரமான பயன்னு விட்டுருப்பேன். களவும் தெரியல, கணக்கும் தெரியல, தரகுக்கு வந்துட்ட!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். என் தரகை விட்டுக்கொடுத்துக் குறையை நிரப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? செத்த நேரத்தில் வாரேன் என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டேன். வடமதுரை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. குறையை மச்சான் கொடுத்தாராம். நான் அதன்பின் அந்தச் சந்தைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, போக இடம் தெரியாமல், ஆள் தேவை என்று அட்டை தொங்கிய ஒரு ரிப்பேர் கடைக்குள் போனேன். என் கம்ப்யூட்டர் வாழ்க்கை ஆரம்பித்த அழகு அது.

6

வியாழக்கிழமை சாயங்காலம். யாழினி சாப்பாட்டு மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அது ஆஃப்லதான் இருக்கு. என்ன ஆச்சு?"

சொன்னேன். தசமப் புள்ளியைக் கொண்டே சொன்னேன். "ஒண்ணு புள்ளி நாலு. மூணு தடவ கூட்டு. மொதல்லயே ஒவ்வொண்ணையும் முழு எண்ணாக்கிட்டுக் கூட்டு."

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. மூணு."

"இப்ப கூட்டிட்டுக் கடைசியில முழு எண்ணாக்கு."

"நாலு புள்ளி ரெண்டு... நாலு." பென்சிலைக் கடித்தாள். "அப்போ மூணும் சரி, நாலும் சரியா?"

"ஆபீசுல அப்படித்தான் சொல்றாங்க."

"அது எப்படி? ஒருத்தருக்கு ரேடியேஷன் குடுக்கலாமா வேண்டாமான்னு கேட்டா, ரெண்டும் சரின்னா சொல்லுவாங்க?"

பிறகு பொன்னுத்தாயி கதையையும் சொன்னேன். ஆட்டுச் சந்தை என்றால் குழந்தைகள் ஆட்டுக்குட்டியைத் தடவிப்பார்க்கப் போகிற இடமா என்று கேட்டாள். அதற்கு விளக்கம் சொல்லவே கால் மணி நேரம் ஆனது. நான் பஸ் ஏறி ஓடியதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "அந்த ஆன்ட்டிகிட்ட சாரி சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். மறுபடியும் கணக்கை எழுதத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை யோஹன் அறைக்குப் போனேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வரிசைப்படி சேர்க்கிற முறை திரும்ப வர வேண்டும். கொஞ்சம் வேகம் குறையும். குறையட்டும்."

"இது உங்கள் முடிவா? யோசித்தீர்களா?"

"பயந்து பார்த்துவிட்டேன். பயந்த பிறகும் இதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாடிக்கையாளர் வேகத்தைத்தான் கேட்டார்கள்."

"அந்தப் பதினான்காம் கோப்புக்காரர் கேட்டாரா?"

அன்றைக்குப் பதிப்பு வெளியாகவில்லை. கடிதத்தைப் பற்றியும் பேச்சில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம், தொழுவத்தில் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

"என்ன மாப்ள, கொரலு கம்முது?"

"மச்சான், ஆபீசுல ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"யாரு, நீயா? கண்டக்டர் மிச்சம் தரலன்னா கேக்கப் பயந்து எறங்கிப் போன பயடா நீ! ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

விவரம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "அப்ப நம்ம பொன்னுத்தாயி ஆட்டுக் கததான்னு சொல்லு."

"அதேதான் மச்சான்."

"அந்தம்மா இப்பவும் சந்தைக்கு வருது மாப்ள. பிரிச்சுப் பேசுவமான்னு வாயத் தொறந்தாப் போதும், 'அந்த ஓடுனவன் எங்கடா'ன்னு ஆரம்பிச்சிரும். வெளிநாட்டுல கம்ப்யூட்டருக்குத் தரகு பாக்குறான்னு சொன்னேன். 'அங்கயாச்சும் ஒரு வாயிலதான் பேசுறானா'ன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? கேட்டுச் சொல்றேன்னேன். இப்பக் கேட்டுட்டேன்ல. வர்ற வியாழக்கெழம சொல்லிருதேன்."

"நான் மன்னிப்புக் கேட்டதாவும் சொல்லுங்க மச்சான்."

"அத நீயே வந்து சொல்லு. அம்புட்டுப் பெரிய கதைய நான் சொமக்க மாட்டேன்."

7

திங்கட்கிழமை லியோனி என் மேசைக்கு வந்தாள். பதினான்காம் கோப்பைத் தானே நூறு தடவை ஓட்டிப் பார்த்தாளாம். நான் ஓட்டியதைவிட மோசம். உடனே உட்கார்ந்து தன் மாற்றத்தைத் திருத்தினாள். யார் முதலில் முடித்தாலும், சேர்ப்பது வரிசைப்படிதான். இப்போது அந்தக் கோப்பு எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில் சொல்கிறது. அந்தப் பதிலையும், அது எவ்வளவு விளிம்பில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் இதைக் கேளுங்கள். மருத்துவ மென்பொருள்காரர்களுக்கு மட்டும்தான் அந்த முறை. மற்ற வாடிக்கையாளர்களுக்கு, முதலில் முடித்ததை முதலில் சேர்க்கிற வேகமான முறையே இருக்குமாம், வேண்டுமென்றால் அவர்கள் மாற்றிக்கொள்ளலாமாம். மற்றவர்களுடைய கேள்விக்கு மட்டும் ஏன் இரண்டு பதில்? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

கடிதம் இன்னும் வரவில்லை. யோஹன் விடுப்பில் போய்விட்டார். திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான் என்று ஆபீசில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்கிறார்கள், ஒருவரும் எழுதித் தரவில்லை. அதனால் நேற்று மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். கடிதம் வரும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகச் சீட்டு தருவார்கள். மூன்று மாதம் கழித்து என்ன?

அதே அம்மாள். ஆனால் புதுப் படிவம். பழைய படிவத்தில் இருக்கும் விவரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளக் கூடாதா? கூடாதாம். முதல் கேள்வியில் இருந்து எல்லாவற்றையும் மறுபடியும் கேட்டார். பெயர், பிறந்த ஊர், முகவரி. பிறகு அந்தக் கட்டம்.

"எத்தனாவது வரை படித்திருக்கிறார்?"

நான் கோப்பைத் திறக்கவில்லை. என்ன பிரயோசனம்? யாழினிதான் என் கையில் இருந்து கோப்பை வாங்கி, அடியில் இருந்த லேமினேஷன் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்த பாடங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள்.

"ஒன்பது. பத்தாவதில் ஐந்து பாடத்தில் நான்கு."

அம்மாள் பழைய படிவத்தைப் புரட்டினார். கோட்டைப் பார்த்தார். "போன முறை இல்லை என்று பதிவாகியிருக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு பதில். எது சரி?"

எழுந்து வாசலுக்குப் போய்விடலாமா என்று கால் பரபரத்தது. எந்தப் பஸ் வந்தாலும் ஏறியிருப்பேன்.

"இப்போது சொன்னதுதான் சரி" என்றாள் யாழினி. "போன தடவை நான் சில்லறையைத் தள்ளிவிட்டேன். அது என் தப்பு, அப்பாவுடையது இல்லை. மன்னிக்கவும்."

நான் ரொட்டிக்கடை ஜெர்மன்காரன்தான். ஆனாலும் அந்த நான்கு வாக்கியங்களில் ஒரு சொல்கூட விடாமல் புரிந்தது.

அம்மாள் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். "இதையெல்லாம் எழுத இந்தக் கட்டத்தில் இடமில்லையே."

யாழினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சின்னதாக எழுதுங்கள்" என்றாள். "நாங்கள் காத்திருக்கிறோம்."